கைகட்டி நிற்கும் கல்வி

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு இரவு பகலாக வார்டில் நின்று, கணக்கில்லாமல் ஊசி போட்டு, பிரசவமும் பார்த்துவிட்ட ஒரு டாக்டர் மேற்படிப்புக்காக அமெரிக்கா போகிறார். அங்கே பயிற்சி இடம் கிடைக்க உள்ளூர் டாக்டர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அதற்காகச் சில வாரங்கள் ஓர் ஆஸ்பத்திரியில் 'அப்சர்வர்' ஆகச் சேர்கிறார். பல இடங்களில் அதற்குக் கட்டணமும் கட்டுகிறார். ரவுண்ட்ஸில் பின்னால் நடக்கலாம், கேட்கலாம், குறித்துக்கொள்ளலாம். நோயாளியின் நாடியைப் பிடிக்கக் கூடாது, கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதக் கூடாது. அந்த ஊர் உரிமம் இல்லாதவர் மருத்துவம் பார்க்கக் கூடாது என்பது சட்டம். அதில் தவறு காண ஒன்றுமில்லை. ஆனால் அதே நாட்டில், மருத்துவக் கல்லூரி வாசலை இன்னும் மிதிக்காத இருபது வயது மாணவர் ஒருவர் கோடை விடுமுறையில் ஆப்பிரிக்காவுக்கோ மத்திய அமெரிக்காவுக்கோ பறந்துபோய், ஒரு மாதத்தில் காயத்துக்குத் தையல் போட்டு, ஊசி குத்தி, பிரசவ அறையில் குழந்தையைக் கையில் ஏந்திப் படமும் எடுத்துக்கொண்டு திரும்பிவிட முடிகிறது. ஒருவருக்குப் பூட்டிய கதவு இன்னொருவருக்கு எப்படித் திறந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நம் ஊரில் பிளஸ் டூ முடித்து நீட் எழுதினால் நேரே எம்.பி.பி.எஸ். அமெரிக்காவில் முதலில் நான்காண்டுப் பட்டப்படிப்பு. பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம். விண்ணப்பத்தை எடைபோடும்போது மதிப்பெண்ணோடு, அந்த மாணவர் டாக்டர் ஒருவரின் கூடவே இருந்து அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்த்திருக்கிறாரா என்பதையும் பார்க்கிறார்கள். நிழல்போல் பின்னால் போவதால் இதற்கு 'ஷேடோயிங்' என்று பெயர். யோசனை நல்லதுதான். வெள்ளைக் கோட்டின் கவர்ச்சியில் வந்து சேர்ந்து, பிறகு ரத்தத்தைக் கண்டு ஓடுவதைவிட முன்னாலேயே பார்த்துவிடுவது மேல். ஆனால் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் வழக்குப் பயமும் உள்ளூரில் நிழலாவதைக்கூடக் கடினமாக்கிவிட்டன. இடத்துக்கோ போட்டி அதிகம். விண்ணப்பத்தில் பளிச்சென்று ஏதாவது இருந்தாக வேண்டும். இந்த இடைவெளியில்தான் காசு வாங்கிக்கொண்டு ஏழை நாடுகளில் டாக்டரோடு சேர்த்துவிடும் ஏற்பாட்டாளர்கள் முளைத்தார்கள். மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டவர்களும் போகிறார்கள். பிரிட்டனில் படிப்பின் இறுதிக் காலத்தில் சில வாரங்களைத் தாங்களே தேர்ந்தெடுத்த இடத்தில் கழிக்கும் 'எலெக்டிவ்' என்ற வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அமெரிக்க மருத்துவ மாணவர்களில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பத்தில் மூன்று பேர் அளவுக்கு ஏதோ ஒரு வகையில் வெளிநாட்டு மருத்துவ அனுபவம் பெற்றிருந்தார்கள்.

இதைக் கண்டிப்பவர்கள் பொதுவாக ஏழ்மையைச் சுற்றுலாவாக்குகிறார்கள் என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கற்கப் போவதில் பழுதில்லை. கற்க வேண்டியது அங்கே கொட்டிக் கிடக்கிறது. பழுது தொடங்குவது, கற்கப் போகிறவர் தன்னை உதவப் போகிறவர் என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில். உதவ வந்தவருக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது செய்தால்தான் அவர் வந்ததற்கு அர்த்தம். கற்க வந்தவரோ கைகட்டி நிற்கலாம். நம் மரபில் குருவின் முன் மாணவன் நிற்கும் நிலையே அதுதான். 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், கோடைத் தொண்டுக்குப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களைப் பார்த்துச் சிந்தனையாளர் இவான் இலிச் பேசிய பேச்சு இன்றும் பல பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகிறது. ஊர் பார்க்க வரலாம், படிக்க வரலாம், உதவி என்ற பெயரில் மட்டும் வர வேண்டாம் என்பது அதன் சாரம். அவர் கோபமாகச் சொன்னதை நிதானமாகவும் சொல்ல முடியும். இந்தப் பயணத்தில் கடன்படுகிறவர் மாணவர்தான். அந்தக் கணக்கைத் தலைகீழாக எழுதுவதால்தான் எல்லாக் கோணல்களும் வருகின்றன.

மாணவர் என்ன வாங்கிக்கொண்டு போகிறார் என்று பார்க்க ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் மலாவி என்ற சிறிய நாடு. அதன் பிளான்டைர் நகரில் குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனை. ஊர்க்காரர்களுக்கு அது 'குயின்ஸ்'. உலக சுகாதார நிறுவனம் 2006இல் போட்ட கணக்குப்படி, உலக நோய்ச்சுமையில் 24 சதவீதத்தைத் தாங்கும் ஆப்பிரிக்காவுக்கு வாய்த்த மருத்துவப் பணியாளர்கள் உலக மொத்தத்தில் 3 சதவீதம் மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் வகுப்பறையில் மனப்பாடம் செய்யலாம். அவற்றுக்கு என்ன பொருள் என்பது வார்டில்தான் தெரியும். கட்டிலில் நோயாளி, கட்டிலுக்குக் கீழே அல்லது பக்கத்தில் அவருடைய உறவினர். மலாவியில் அவரைக் 'கார்டியன்' என்கிறார்கள். சோறு பொங்குவது, உடம்பு துடைப்பது, துணி துவைப்பது, மருந்துக்கு ஓடுவது எல்லாம் அவர். மருத்துவமனைகளை ஒட்டி அவர்கள் சமைத்து உறங்கத் தனிக் கொட்டகைகள்கூட உண்டு. நம் ஜி.எச். வராந்தாவைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு நர்ஸுக்கு நாலைந்து நோயாளிகள் என்ற கணக்கில் வளர்ந்த மாணவருக்கு முற்றிலும் புதிது. ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதி பில்லிலேயே வராது, ஒரு குடும்பத்தின் விதைப்புக் காலமும் கூலி நாட்களுமாகக் கரைந்துபோகும் என்பதை எந்தப் புள்ளிவிவர அட்டவணையும் அவருக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

அடுத்த ஆச்சரியம், டாக்டர் என்று அவர் நினைத்தவர் பல நேரம் டாக்டரே இல்லை என்பது. மலாவியில் 'கிளினிக்கல் ஆபீஸர்' என்று ஒரு பிரிவினர் உண்டு. மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த 2131 அவசர மகப்பேறு அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்து 2007இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் 1875ஐ, அதாவது 88 சதவீதத்தை, செய்தவர்கள் இவர்கள்தான். டாக்டர்கள் செய்தவற்றோடு ஒப்பிட்டால் விளைவுகளில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. சிசேரியன் என்றால் மகப்பேறு நிபுணர், மயக்க மருந்து நிபுணர், குழந்தை நிபுணர் என்று மூவர் நிற்க வேண்டும் எனப் படித்து வந்தவருக்கு இது ஒரு பெரிய கேள்வியை எழுப்பும்: மருத்துவத்தில் எவ்வளவு பகுதி அறிவு சார்ந்தது, எவ்வளவு பகுதி தொழில்சங்க வேலி? விடை எளிதல்ல. நம் நாட்டிலும் கிராமப்புறத்துக்கென்று குறுகிய காலப் படிப்பு கொண்டுவரும் பேச்சு எழுந்தபோதெல்லாம் சண்டை வந்திருக்கிறது. மலாவியில் அது சண்டையைத் தாண்டி நடைமுறையாகிவிட்டது. அது எங்கே பலன் தருகிறது, எங்கே பலிக்காமல் போகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

'வசதியற்ற இடம்' என்ற சொல்லிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. வசதி இல்லாத இடத்தில் அறிவும் குறைவாகத்தான் இருக்கும் என்று கேட்பவர் காதில் விழுகிறது. நடந்தது என்ன? 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல், ஒன்றில் இரண்டு மூன்று குறைமாதக் குழந்தைகளைப் போட்டு, நோய்த்தொற்றில் அவை சாவதைப் பார்த்த டாக்டர் எட்கர் ரே, குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மேல் தோலாகக் கட்டிவைக்கச் சொன்னார். பஞ்சத்துக்குச் செய்த ஏற்பாடு என்று பணக்கார நாடுகள் அதை வெகுநாள் ஒதுக்கின. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, எடை குறைந்து பிறந்த குழந்தையை உடனடியாகத் தாயோடு சேர்த்துவைத்தால் முதல் 28 நாள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றிக்கொண்டது. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோனதால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று எந்த நாட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் முதல் மருந்து அந்தக் கரைசல்தான்.

பிளான்டைருக்கே திரும்பினால், மலேரியா மூளையைத் தாக்கி நினைவிழந்த குழந்தைகளின் நிலையை அளக்க உலகம் முழுதும் பயன்படும் அளவுகோலின் பெயரே 'பிளான்டைர் கோமா அளவுகோல்'. வழக்கமான அளவுகோல் நோயாளி பேசுவதையும் சொன்னதைச் செய்வதையும் பார்த்து மதிப்பெண் போடும். பேசவே தெரியாத குழந்தைக்கு அது எப்படி உதவும்? ஆகவே கண் எதைப் பின்தொடர்கிறது, வலித்தால் கை எங்கே போகிறது, அழுகை எப்படி இருக்கிறது என்ற மூன்றை வைத்து, பூஜ்யம் முதல் 5 வரை எண் தரும் ஒரு முறையை அங்கே உருவாக்கினார்கள். டார்ச்சும் விரலும் போதும். 2008இல் அதே மருத்துவமனைக்கு ஓர் எம்.ஆர்.ஐ. இயந்திரமும் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வில், மூளை மலேரியாவில் இறந்த 25 குழந்தைகளில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது தெரிந்தது. இந்தக் குழந்தைகள் எதனால் இறக்கிறார்கள் என்ற பல ஆண்டு விவாதம் அதோடு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆக, வசதியற்ற ஆஸ்பத்திரி என்றால் எல்லாமே இல்லாத ஆஸ்பத்திரி என்று நினைப்பதும் பிழை. அங்கே எம்.ஆர்.ஐ. இருக்கும், அன்றைக்குக் கையுறை தீர்ந்திருக்கும். ஏன் இப்படி என்று விசாரித்துக்கொண்டே போனால் மாணவர் நன்கொடை அரசியல், கொள்முதல், மின்வெட்டு, உதிரிபாகம் எல்லாவற்றையும் தொட்டு வந்துவிடுவார்.

இவ்வளவும் கண்ணாலும் காதாலும் கற்கிற பாடம். கை எங்கேயும் தேவைப்படவில்லை. இனி கை ஏன் கூடாது என்பதற்கு வருவோம். கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளின் ஆறு மருத்துவமனைகளில் நடந்து, 2011இல் வெளியான 'ஃபீஸ்ட்' என்ற ஆய்வை இந்தப் பயணம் புறப்படும் ஒவ்வொருவரும் படித்தாக வேண்டும். கடும் காய்ச்சலில் உடம்பு குளிர்ந்து, நாடி தளர்ந்து வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்ற வேண்டும் என்பது பணக்கார நாட்டுப் பாடப்புத்தகம் ஐயமில்லாமல் சொன்ன விதி. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வசதிக்குறைவால் அது கிடைக்காமல் போகிறது என்று இரங்கியவர்கள்தான் அதிகம். காத்ரின் மெய்ட்லண்டின் தலைமையில் 3141 குழந்தைகளிடம் அதைச் சோதித்தபோது, வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட இரு குழுக்களிலும் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.6, 10.5 சதவீதம், அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதம். கண்காணிப்புக் குழு தலையிட்டு ஆய்வைப் பாதியில் நிறுத்தியது. மலேரியாவும் ரத்தசோகையும் சேர்ந்த உடம்பு, மூச்சு திணறினால் தாங்கிப் பிடிக்க வென்டிலேட்டர் இல்லாத வார்டு. இந்தச் சூழலில் அதே மருந்து வேறு மருந்தாகிவிட்டது. உலகின் தேர்ந்த நிபுணர்கள் நன்றாகத் தெரிந்தது என்று நினைத்த விஷயத்திலேயே இந்தக் கதி. நாலு யூட்யூப் பாடம் பார்த்து வந்தவரின் கையில் ட்ரிப்ஸ் குழாயைக் கொடுப்பது எந்த வகையில் தைரியம்?

எலும்பும் தோலுமாக வரும் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது இன்னும் எளிமையான வேலையாகத் தோன்றும். பார்த்தால் யாருக்கும் மனம் பதறும். நிறையக் கொடுக்கத் தோன்றும். ஆனால் நீண்ட பட்டினியில் சுருங்கிப்போன உடம்பு திடீரென்று வரும் உணவைத் தாங்காது; ரத்தத்தில் உப்புகளின் அளவு சரிந்து இதயம் நின்றுவிடலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி முதலில் சத்துக் குறைந்த ஒரு பால், சில நாள் கழித்தே சத்து மிகுந்த இன்னொரு பால். அன்பு எவ்வளவு வேகமாகச் செயல்படலாம் என்பதற்குக்கூட அங்கே கிராம் கணக்கு உண்டு. மொழி வேறு இருக்கிறது. பிளான்டைர் வார்டில் சிச்சேவா பேசத் தெரியாதவருக்கு, தாய் சொன்னது நேற்றா முந்தாநாளா, வயிற்றுவலியா வயிற்றுப்போக்கா என்பது மொழிபெயர்ப்பவர் தயவில்தான் தெரியும். நோயறிதலில் பாதி வேலை நோயாளி சொல்லும் கதையைக் கேட்பது. அந்தப் பாதியை இழந்தவர் மிச்சப் பாதியில் கையை நீட்டுவது இரட்டைக் குருடு.

எதிர்வாதம் ஒன்று உடனே வரும். டாக்டரே இல்லாத இடத்தில் அரைகுறையாகத் தெரிந்தவராவது இருப்பது மேல் அல்லவா? ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அங்கே 'ஒன்றுமில்லை' என்பது பொய். கிளினிக்கல் ஆபீஸர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், ஊர் மருத்துவச்சி இருக்கிறார், அந்தக் கார்டியன் இருக்கிறார். வந்தவரின் கண்ணுக்கு அவர்கள் மருத்துவ அமைப்பாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். மேலும் தையல் போட்டவர் அது சீழ் பிடிக்கும் நாளில் விமானத்தில் இருப்பார். சிகிச்சை என்பது ஒரு செயலோடு முடிவதில்லை. அதன் பின்விளைவுக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தால்தான் சிகிச்சை. வசதி குறைவான இடத்தில் ஒரு பிழையைத் திருத்தும் வழியும் குறைவு. ஆகவே தவறு செய்யும் உரிமையும் அங்கேதான் மிகக் குறைவு. வழக்கம் இதை நேர் எதிராக வைத்திருக்கிறது.

இதைவிடக் கூர்மையான எதிர்வாதம் உண்டு. மருத்துவம் உலகெங்கும் ஏழைகளின் உடம்பில்தானே கற்கப்படுகிறது? மதுரையிலோ சென்னையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மாணவர் முதல் ஊசியை யாருக்குப் போடுகிறார்? பணம் உள்ளவர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்; ஜி.எச்.சுக்கு வருபவர்தான் பாடப்புத்தகம். உண்மைதான், மறுத்துப் பேச முடியாது. இது மருத்துவக் கல்வியின் பழைய கடன். ஆனால் உள்ளூர் மாணவர் அந்தக் கடனை அடைக்க வாய்ப்புள்ளவர். அவர் பல்கலைக்கழகத்தின் கண்காணிப்பில் இருக்கிறார், மருத்துவக் கவுன்சிலின் சட்டம் அவரைப் பிடிக்கும், நோயாளியின் மொழியில் பேசுகிறார், நாளை அதே வட்டாரத்தின் டாக்டராகவும் ஆகக்கூடும். மலாவியில் 1991இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியதே அந்த நோக்கத்தில்தான். கட்டிலைச் சுற்றி நிற்க இடம் பத்துப் பேருக்கு என்றால், வெளிநாட்டிலிருந்து நான்கு பேர் வரும் மாதத்தில் பின்வரிசைக்குப் போகிறவர்கள் மலாவி மாணவர்கள்தான். ஒரு பிரசவத்தை வந்தவர் பார்த்தால், நாளைக்கு அந்த நாட்டில் ஆயிரம் பிரசவம் பார்க்க வேண்டியவர் அதை இழக்கிறார்.

கைவைக்காமல் என்ன படிப்பு, கரையில் நின்று நீச்சல் கற்க முடியுமா என்றும் கேட்பார்கள். நீச்சலை அவர் தன் கல்லூரியில் கற்றுக்கொள்ளத்தான் போகிறார், பொம்மை உடலிலும் பிறகு மேற்பார்வையில் மனிதர் உடலிலும். அதற்காகக் கடல் கடந்து வர வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி: வெறுமனே பார்ப்பதற்கு மட்டும் ஏன் வர வேண்டும்? வறுமையும் மருத்துவப் பற்றாக்குறையும் அமெரிக்காவில் இல்லையா? இருக்கின்றன, பழங்குடியினரின் ஒதுக்கிட நிலங்களிலும் அப்பலாச்சிய மலை ஊர்களிலும் தாராளமாகவே. விண்ணப்பத்தில் ஒரு வரிக்காக மட்டும் புறப்படுகிறவர் அங்கே போவதே நல்லது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் ஒரு நாட்டின் சுகாதார அமைப்பு முழுதுமே வேறு அடிப்படையில் ஓடுவதைப் பார்க்க வெளியே போய்த்தான் ஆக வேண்டும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களின் கதை இதற்குச் சான்று. மூச்சுத்திணறும் பச்சிளங்குழந்தையின் நுரையீரல் சுருங்கிவிடாமல் மெல்லிய அழுத்தத்தில் காற்று செலுத்தும் கருவியின் விலை பிளான்டைருக்கு எட்டாது. அந்த மருத்துவமனையின் குழந்தை டாக்டர்களிடம் பிரச்சினையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மீன்தொட்டியில் குமிழி விடுமே அந்த மாதிரிப் பம்பை வைத்து மலிவான கருவி ஒன்றை ஹூஸ்டனில் உருவாக்கினார்கள். குயின்ஸில் அதைப் பயன்படுத்தியபோது அந்தக் குழந்தைகளில் பிழைத்தவர்கள் 71 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதம் என்று 2014இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்த மாணவர்கள் யாருக்கும் ஊசி போடவில்லை. எது குறைகிறது என்று அங்குள்ளவர்களிடம் கேட்டார்கள். வேலையை ஊர் திரும்பித் தங்கள் பட்டறையில் செய்தார்கள்.

பார்ப்பது மட்டும் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது டாக்டர் ஒவ்வொரு நோயாளியையும் விருந்தாளிக்கு ஆங்கிலத்தில் விளக்கினால், அந்த நிமிடங்கள் வரிசையின் கடைசியில் நிற்பவர் கணக்கில் பற்று எழுதப்படுகின்றன. துணி விலக்கிய உடம்பை அந்நியர் ஒருவர் பார்க்கலாமா என்று யாராவது கேட்டார்களா? கேட்டாலும் முடியாது என்று சொல்லும் துணிவு இலவச ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கு வருமா? கைபேசிப் படம் அடுத்த சங்கடம். தன் ஊர் ஆஸ்பத்திரியில் எடுத்தால் வெளியே தள்ளிவிடுவார்கள் என்று தெரிந்தவர்தான் இங்கே எடுக்கிறார். போதாததற்கு, உள்ளூர் டாக்டரே விருந்தோம்பலில், "நீயே போடேன், பழகிக்கொள்" என்று ஊசியை நீட்டுவதும் உண்டு. அதை மறுக்க ஒரு தனிப் பயிற்சி வேண்டும். 2010இல் வெளியான உலக சுகாதாரப் பயிற்சிக்கான நெறிமுறைகள், விருந்தளிக்கும் நிறுவனத்துக்கு ஆகும் உண்மையான செலவை அனுப்புகிறவர் ஏற்க வேண்டும் என்றன. 2011இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம், உன் ஊரில் செய்யக் கூடாததை வெளியூரிலும் செய்யாதே என்ற பொருளில் மாணவர்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது. அத்துமீறினால் அது சேர்க்கைக்கே பாதகமாகலாம் என்றும் எச்சரித்தது. விண்ணப்பத்துக்காகச் செய்தது விண்ணப்பத்தையே கெடுக்கும் என்று சொன்னதுதான், எனக்குத் தெரிந்து, அந்த வழிகாட்டியின் மிகப் பயனுள்ள வரி. நெறிமுறைக்கு இறங்காத மனம் அட்மிஷனுக்கு இறங்கும்.

ஏற்பாடு எப்படி இருக்கலாம் என்பதற்குக் கென்யாவின் எல்டொரெட் ஊரைக் காட்டலாம். அங்குள்ள மோய் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவும் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகமும் 1989 முதல் கைகோத்திருக்கின்றன. அமெரிக்க மாணவர் வருவதுபோல் கென்ய மாணவரும் இண்டியானாவுக்குப் போகிறார். வந்துபோகும் மாணவர்களை மேய்க்க அமெரிக்க மூத்த டாக்டர் எல்டொரெட்டிலேயே தங்கியிருக்கிறார். அந்தப் பாரம் கென்ய டாக்டர் தலையில் விழுவதில்லை. எய்ட்ஸ் பேரழிவு உச்சத்தில் இருந்த 2001இல் இந்தப் பழைய உறவிலிருந்துதான் ஆம்பத் என்ற பெரும் சிகிச்சைத் திட்டம் பிறந்தது. நான்கு வாரம் இருந்துவிட்டுப் போகும் மாணவரால் அதைச் செய்திருக்க முடியாது. பத்தாண்டுகளாக விட்டுப்போகாமல் இருந்த நிறுவனங்களால் முடிந்தது. தனி மாணவருக்குக் காலம் போதாது என்றால், அவரை அனுப்பும் நிறுவனத்துக்காவது அது இருக்க வேண்டும்.

இப்படிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பிறகு ஏழைகளுக்கான மருத்துவத்தின் பக்கம் திரும்புகிறார்களா? திரும்புகிறார்கள் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. போனவர்களில் ஆரம்ப சுகாதாரத்தையும் பின்தங்கிய பகுதிகளையும் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். ஆனால் அந்த மனச்சாய்வு உள்ளவர்கள்தான் முதலில் டிக்கெட் எடுக்கிறார்கள். பயணம் மாற்றியதா, மாறியவர்கள் பயணம் போனார்களா என்று பிரிப்பது கடினம். இந்தக் கணக்கை நம்பி மொத்தத் திட்டத்தையும் நியாயப்படுத்த நான் தயாரில்லை.

தமிழ்நாடு இந்தக் கதையில் பல காலமாக விருந்தளிக்கும் தரப்பில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்கு எலெக்டிவ் மாணவர்கள் பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். இப்போது இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வளரும் நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் தாத்தா ஊருக்கு வந்து, மாமாவின் நர்சிங் ஹோமிலோ தெரிந்த டாக்டரின் கிளினிக்கிலோ ஒரு மாதம் கூட இருந்து, மணிக்கணக்கை எழுதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களிடம் இல்லாத உரிமையை உறவுமுறை தந்துவிடும். பெரிய டாக்டரின் மருமகன் என்றால் நோயாளியும் சட்டையைக் கழற்றுவார், நர்ஸும் ஊசியை நீட்டுவார், தியேட்டர் கதவும் திறக்கும். ஆனால் மலாவிக்குப் போகும் அமெரிக்க மாணவரிடம் இல்லாத ஒன்று இந்தப் பிள்ளையிடம் இருக்கிறது: உடைந்ததோ கொச்சையோ, நோயாளியின் மொழி. டாக்டர் அடுத்த அறைக்குப் போன நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எந்த ஊரும்மா, விடியற்காலை எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க, எத்தனை பஸ் மாறினீங்க, வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்துக்கிறாங்க, ஸ்கேனுக்கு எதை அடகு வெச்சீங்க" என்று அவரால் கேட்க முடியும். உள்ளே இருக்கும் டாக்டருக்கு அதைக் கேட்க நேரம் இருப்பதில்லை.